பாயிண்ட் என்ற சொல்லுக்கு என்னால் ஒரே அர்த்தம் எழுத முடியாது

எங்கள் போர்வெல் ரிக் ஆபீஸில் போன் எடுக்கிற கீதா, போன மாதம் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். அதில் இருபது சொற்கள் இருந்தன. ஹேமர், பிட், ராடு, கேசிங், கம்ப்ரஸர், கேப் என்று எல்லாம் போர்வெல் வண்டியில் தினமும் புழங்குகிற இங்கிலீஷ் சொற்கள். வடக்கிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு வரி அர்த்தம் எழுதித் தர வேண்டுமாம். அவர்கள் அதைப் போனில் போட்டுத் தங்கள் பாஷைக்கு மாற்றிப் படித்துக்கொள்வார்களாம்.

"ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம்தானுங்க அண்ணா. ரெண்டு எழுதுனா போன் குழம்பிப் போயிரும்" என்றாள்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். இருபத்தெட்டு வருடம் ரிக்கில் இருந்து, காது சரியாகக் கேட்காமல் போனதால் ஐம்பத்திரண்டு வயதில் வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்குப் பேச வராது. நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவது அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதனால் சரி என்றேன். பத்தொன்பது சொற்களை ஒரே பகலில் எழுதி முடித்துவிட்டேன். ராடு என்றால் இருபதடி நீள இரும்புக் குழாய். கேப் என்றால் பாறைக்குள் இருக்கிற விரிசல், தண்ணீர் அங்கேதான் வரும். இப்படி எழுதிக்கொண்டே போனேன்.

இருபதாவது சொல் பாயிண்ட். அதில் ஒரு மாதமாக நிற்கிறேன். கீதா வாரம் இரண்டு முறை போன் செய்கிறாள். எரிச்சல்தான் வருகிறது, அவள் மேல் இல்லை, அந்தச் சொல் மேல். முடியவில்லை என்பதற்கான காரணத்தை எழுதிக் கொடுத்தால் அவள் விட்டுவிடுவாள் என்று நினைத்து இதை எழுதுகிறேன். நீளமாகப் போய்விட்டது. எங்கள் ரிக் சங்கத்து ஆண்டு மலரில் போடலாம் என்று அவளே சொல்கிறாள்.

இங்கிலீஷ் எனக்கு இரும்பாகத்தான் அறிமுகமானது. எங்கள் ஊர் சங்ககிரிக்குப் பக்கம். அந்தப் பக்கத்தில் வண்டி ஏறாத வீடு கிடையாது, ஒன்று லாரி, இல்லாவிட்டால் ரிக். நான் ரிக்கில் ஏறினேன். முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை ராடு தூக்குவது. தூக்கினால் தோள் எரியும், அதுதான் ராடு. காலில் விழுந்தால் நகம் போகும், அதுதான் பிட். யாரும் அர்த்தம் சொல்லித் தரவில்லை, தேவையும் இல்லை. கையில் தொட முடிந்த எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் ஒரு பெயர், ஒரு எடை, அவ்வளவுதான். ராடு ஆளிலிருந்து ஹெல்ப்பர், ஹெல்ப்பரிலிருந்து ட்ரில்லர் ஆக எட்டு வருடம் ஆனது. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

பாயிண்டை மட்டும் தொட முடியாது. முதல் வாரமே ட்ரில்லர் வந்து, பாயிண்ட் வந்திருச்சு எந்திரி என்று எழுப்பினார். நான் எழுந்து, என்ன வந்தது என்று ரோட்டைப் பார்த்தேன். வேலை வந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு கிணறு ஓட்டினால், அதாவது ஒரு போர் துளைத்தால், ஒரு பாயிண்ட். இந்த மாதம் எத்தனை பாயிண்ட் என்றுதான் எங்கள் தொழிலில் நலம் விசாரிப்பார்கள். சரி, பாயிண்ட் என்றால் வேலை என்று மனதில் போட்டுக்கொண்டேன். அந்த இடத்துக்குப் போனால் தோட்டக்காரர் ஒரு கல்லைக் காட்டி, இதுதானுங்க பாயிண்ட் என்றார். அங்கே பாயிண்ட் என்றால் இடம்.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடப்பார். படுத்திருக்கிற தேங்காய் எங்கே எழுந்து நிற்கிறதோ அங்கே ஒரு கல்லை வைப்பார். கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பார்கள். அதன் பிறகு அதை யாரும் தொடக் கூடாது. ரிக் வந்து, வண்டியைப் பின்னால் எடுத்து, கல்லுக்கு நேர் மேலே மாஸ்டு வருகிற மாதிரி நிறுத்துவோம். மாஸ்டு என்பது ரிக்கின் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கிற இரும்புக் கோபுரம், இருபத்தெட்டு அடி. டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, அந்த வீட்டுப் பெண்பிள்ளை தன் கையால் கல்லை எடுப்பார். எடுத்த பள்ளத்தில், பாறையை உடைக்கிற ஹேமரின் மூக்கு இறங்க வேண்டும். ஒரு சாண் தள்ளி இறங்கினாலும் தோட்டக்காரரின் முகம் மாறிவிடும். தேங்காய் நிற்பதை நான் நம்புகிறேனா இல்லையா என்பதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. எத்தனையோ கல்லுக்கு நேராக ஓட்டியிருக்கிறேன், பாதியில் தண்ணீர் வந்தது, பாதியில் புழுதி வந்தது.

ட்ரில்லர் ஆன பிறகு அந்தச் சொல் மூன்றாவதாக ஒரு முகத்தைக் காட்டியது. எங்கள் மேனேஜர் பெயர் தங்கராசு. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டையில் கசங்கல் இருக்காது, புழுதி பறக்கிற இடத்திலும் இருக்காது, ஏனென்றால் ஜீப்பை விட்டுக் கீழே இறங்க மாட்டார். எப்போதும் ஒரு ஆளிடம் போனில் பேசிக்கொண்டிருப்பார். நாம் போய் நின்றால் அந்த ஆளைக் காத்திருக்கச் சொல்லி, போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நம்மிடம் பேசுவார். நெஞ்சுக்குள் ஒரு ஆள் காத்திருக்கிறான் என்று தெரிந்தால் நமக்குப் பேச்சு எப்படி வரும்? நான் வழக்கம்போல முதலில் இருந்து ஆரம்பிப்பேன். நேத்து கம்ப்ரஸர்ல ஒரு சத்தம் வந்துச்சுங்க, அதுக்கு முந்தி டீசல் போட்டப்ப என்று போகும். இரண்டு வாக்கியம் தாண்டாது.

"அர்த்தனாரி, பாயிண்டுக்கு வா" என்பார்.

மெதுவாகத்தான் சொல்வார். பதினாறு வருடம் அதைக் கேட்டேன். விஷயத்துக்கு வா என்று அர்த்தம். ஆனால் விஷயம் எப்போதும் நான் சொல்ல வந்ததில்தான் இருந்தது. அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு இருந்த விஷயமும் மறந்துவிடும். ஒன்றும் இல்லீங்க என்று திரும்பி வருவேன். பிறகு கம்ப்ரஸர் நடுவழியில் நிற்கும், ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று அதே மெதுவான குரலில் கேட்பார்.

வீட்டுக்கு வந்தால் சம்சாரம் மிக்ஸிக்கு ஒரு பாயிண்ட் போடச் சொல்லி மூன்று வருடம் கேட்டாள். எலக்ட்ரீஷியன் வந்து, இந்தச் சுவரில் பாயிண்ட் வராது என்றான். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துவிட்டு, பதினொண்ணு பாயிண்ட் ரெண்டு என்றார்கள். நல்லதா கெட்டதா என்று கேட்டால், பாயிண்ட் எட்டு கம்மி என்றார்கள். நாமக்கல் ரோட்டில் ஒரு டீக்கடைக்கு டீ பாயிண்ட் என்று போர்டு. நான் ரிக்கில் இருந்த கடைசி வருடங்களில் டிரைவர் போனைக் காட்டி, பாயிண்ட் அனுப்பியிருக்காங்க என்பான். நீலமாக ஒரு பொட்டு நகரும். தோட்டக்காரரைக் கேட்டு வழி தெரிந்துகொண்ட காலம் போய், பொட்டைப் பார்த்துப் போய்க் குட்டைக்குள் வண்டியை இறக்கினோம். இதில் எந்தப் பாயிண்டைக் கீதா போனுக்குச் சொல்வது?

நாமக்கல்லுக்குத் தெற்கே ஒரு கோழிப்பண்ணையில் நடந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். அன்றைக்கு இந்தச் சொல்லை வாயில் எடுக்காத ஆள் அந்த இடத்தில் நான் ஒருவன்தான்.

சித்திரை கடைசி. பண்ணை சரோஜா அக்காவுடையது. அவருடைய வீட்டுக்காரர் உடம்பு முடியாமல் இருந்தார், கட்டிலை விட்டு எழுந்து வர முடியாது. அக்காதான் எல்லாம். முட்டைக் கோழி நாலாயிரம். கூண்டுக்குள் மூன்று மூன்றாக நிற்கும், குழாயில் சொட்டுகிற தண்ணீரைக் கொத்திக் குடிக்கும். கிணறு வற்றிவிட்டது. அதற்கு முன் போட்ட மூன்று போரில் ஒன்றில்தான் கொஞ்சம் இருந்தது, அதுவும் அந்த வாரம் காற்றாக ஊதியது. மோகனூர்ப் பக்கமிருந்து டேங்கரில் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தினம் இரண்டு டேங்கர் வர வேண்டியது, அன்று ஒன்றுதான் வந்தது. நாங்கள் காலை ஏழு மணிக்குப் போய் இறங்கியபோதே கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு இறக்கையை விரித்து நின்றன. நாலாயிரம் கோழி சேர்ந்து மூச்சிரைக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. அப்போது என் காது நன்றாகவே கேட்டது. அக்கா சாக்கை நனைத்து நனைத்துக் கூண்டு மேலே போட்டுக்கொண்டிருந்தார்.

கல் வைத்திருந்த இடத்தைப் பார்த்தேன். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தேன். கல்லிலிருந்து ஆறடி தள்ளி, மேலே பதினோராயிரம் வோல்ட் லைன் போனது.

ரிக்கில் ராடு எப்படி ஏறும் என்று சொன்னால்தான் இது விளங்கும். ஒரு ராடு இருபதடி. ஒரு ராடு உள்ளே இறங்கியதும் அடுத்ததைக் கம்பிக் கயிற்றில் மாட்டி மேலே இழுப்போம். கீழே ஒரு ஆள் அதன் அடிப்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்து வருவான். மேல் முனை மாஸ்டை ஒட்டி நிமிர்வதற்குள் ஒரு ஆட்டம் ஆடும். நாலடியும் ஆடும், ஐந்தடியும் ஆடும், கயிற்றை இழுக்கிறவன் கையைப் பொறுத்தது. காலையில் மேலே போகிற லைன் கம்பி விறைப்பாக இருக்கும். வெயில் ஏற ஏறச் சூட்டில் கம்பி நீண்டு தொய்யும். மத்தியானம் அந்தப் பக்கத்தில் சூறைக்காற்று வேறு சுழற்றும், அப்போது தொய்ந்த கம்பி ஊஞ்சல் போலப் பக்கவாட்டில் ஆடும். எழுநூறு அடி ஓட்ட முப்பத்தைந்து ராடு. முப்பத்தைந்து தடவை அந்த ராடு ஆட வேண்டும், அதில் பாதி மத்தியான வெயிலில். வண்டியைத் திருப்பி நிறுத்தலாம் என்றால் மறுபக்கம் கோழிக் கொட்டகையின் தூண்.

அன்றைக்கு ராடு பிடிக்கிறவன் பிபின். ஒடிசாக்காரன், இருபத்தைந்து வயது இருக்கும். வாயாடி. எட்டு மாதத்தில் தமிழ் கற்றுக்கொண்டு, எங்கள் பேச்சையே எங்களிடம் திருப்பி நையாண்டி செய்வான்.

எங்கள் ராடுகளில் ஒன்றின் முனையில் எட்டணா அளவுக்கு ஒரு கருகல் உண்டு. அது எங்கள் முதலாளிக்கே சொந்தமான இன்னொரு வண்டியிலிருந்து வந்த ராடு. ஆந்திராவில் ஓட்டும்போது அது லைனைத் தொட்டிருக்கிறது. பிடித்துக்கொண்டிருந்த ஆள் போய்விட்டான். அவனை நான் பார்த்ததில்லை, ராடை மட்டும்தான் பார்த்தேன். நல்ல ராடு, ஏன் வீணாக்க வேண்டும் என்று எங்கள் வண்டியில் சேர்த்துவிட்டார்கள். அது கைக்கு வரும்போதெல்லாம் எனக்குத் தெரியும். அதை ஒதுக்கிவிடலாமே என்று ஒரு முறை மேனேஜரிடம் ஆரம்பித்தேன். பாயிண்டுக்கு வா என்றார்.

நான் முதலில் அக்காவிடம்தான் போனேன். கல்லைப் பன்னிரண்டு அடி மட்டும் தள்ளிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

அவர் நனைந்த சாக்கைக் கையில் பிடித்தபடி நின்றார். "ஏந்தம்பி, போன வருசம் வந்த வண்டிக்காரனும் இதேதான் சொன்னான். வண்டி நிக்க வசதியில்லீங்க, கொஞ்சம் தள்ளிக்கலாமுங்கன்னான். தள்ளுனோம். ஐநூறு அடிக்கும் புழுதி. அவன் காசை வாங்கிட்டுப் போயிட்டான். நான் இந்தக் கல்லை நகத்த மாட்டேனுங்க."

 அவர் சொன்னது நியாயம்.

லைன்மேனைத் தேடிப் பிடித்தோம். நல்ல மனிதர். வந்து மேலே பார்த்துவிட்டு, உங்க பாயிண்ட் கரெக்டுதான் என்றார். ஆனால் மூன்று ஊருக்குப் போகிற லைனை அவர் இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது. நாளைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது, அப்போது ஓட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான் விஷயம். ஒரு நாள். நான் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். ஜீப்பில் உட்கார்ந்திருந்தார், போன் நெஞ்சில் இருந்தது. அடுத்த வேலை தர்மபுரிப் பக்கம், அன்று ராத்திரியே அங்கே போய்ச் சேர வேண்டும், அதை முடித்துக்கொண்டு வண்டி மகாராஷ்டிரா போகிறது. வெயில் ஏறுவதற்குள் சீக்கிரம் ஓட்டினால் என்ன, ஆட்களைப் பார்த்துத் தூக்கச் சொன்னால் என்ன என்றார். நான் கம்பி தொய்வது, காற்று, ராடு ஆடுவது என்று ஆரம்பித்தேன். கருகிய ராடு வரைக்கும் போவதற்குள் நிறுத்தினார்.

"பாயிண்டுக்கு வா. ஓட்டுவியா, மாட்டியா?"

"மாட்டேனுங்க" என்றேன்.

எனக்கே அது வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. அவரிடம் நான் அதுவரை அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவர் கோபப்படவில்லை. போனைக் காதுக்குக் கொண்டுபோய், இன்னிக்கு மத்தியானமே வந்தர்றோமுங்க, இங்க பாயிண்ட் கேன்சல் என்றார். பிறகு என்னைப் பார்த்து, வண்டியைக் கட்டு என்றார்.

அவ்வளவு மெதுவாகச் சொன்னது அக்காவுக்கு எப்படிக் கேட்டதோ, சாக்கைப் போட்டுவிட்டு வந்து ரிக்குக்கு முன்னால் நின்றுகொண்டார். மேனேஜர் ஜீப்பிலிருந்தபடியே, நாலு நாளில் திரும்பி வந்து முதல் பாயிண்டாக உங்களுக்கு ஓட்டித் தருகிறோம் என்றார்.

"போன ரிக்கு எது திரும்பி வந்திருக்குதுங்க? ரெண்டு பேரு இதே மாதிரி சொல்லிட்டுப் போனாங்க. நாலு நாளைக்கு இதுக உசுரோட இருக்குமா? உங்களுக்கு எல்லாம் அடுத்த பாயிண்டு, அடுத்த பாயிண்டு. எனக்கு இருக்கறது ஒரே பாயிண்டு. வண்டியெடுத்தா என்ற மேல ஏத்திட்டுப் போங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தார். இன்றைக்கு ஓட்ட முடியாது, ஆனால் போகவும் மாட்டோம், நாளை காலை ஒன்பது மணிக்குக் கட்டாயம் ஓட்டித் தருவோம் என்று நான் சொல்ல வேண்டும். அதைச் சொன்னேன். இரண்டு பேரும் நம்பவில்லை. அக்கா, ராத்திரியோட ராத்திரியா ஓடிப் போயிருவீங்க என்றார். வாயால் பேசி ஒரு ஆளை நம்ப வைப்பது எனக்கு எந்தக் காலத்திலும் முடிந்ததில்லை. எனக்குத் தெரிந்தது இரும்பு மட்டும்தான்.

நான் போய் ரிக்கின் பின்பக்கம் பெரிய ஸ்பேனரை எடுத்து, ஹேமரைக் கழற்ற ஆரம்பித்தேன். ஹேமர் என்பது ராடின் நுனியில் இருக்கிற, பாறையை அடித்து உடைக்கிற உருளை. ஆள் தொடை அளவு இருக்கும், ஒரு ஆள் எடைக்கு மேல். அது இல்லாத ரிக் வெறும் லாரி. ஸ்பேர் ஹேமர் எப்போதும் ஒன்று கூடவே வரும், அந்த வாரம் அது திருச்செங்கோட்டில் பட்டறையில் கிடந்தது. மரையில் புழுதி ஏறி இறுகியிருந்தது, கழற்ற அரை மணி நேரம் பிடித்தது. மேனேஜர் ஜீப்பில் போனில் பேசிக்கொண்டிருந்தார், நான் வண்டியைக் கட்டுகிறேன் என்று நினைத்திருப்பார். கயிற்றில் கட்டி, நடுவில் பைப்பைக் கொடுத்து, நாலு பேராகத் தூக்கினோம். பிபின் முன்னால் பிடித்துக்கொண்டு, எங்கே கொண்டு போகிறோம், இதுக்கு என்ன கல்யாணமா என்று கேட்டுக்கொண்டே வந்தான். கோழித் தீவனம் போட்டு வைக்கிற அறைக்குள் கொண்டுபோய் மூட்டைகளுக்கு நடுவில் இறக்கினேன்.

"அக்கா, இது இல்லாம இந்த வண்டி எங்கயும் ஒரு அடி இறங்காதுங்க. பூட்டிக்கங்க. நாளைக்கு ஒன்பது மணிக்கு எடுத்துக் குடுங்க."

 அக்கா அறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு ரிக்கின் முன்னாலிருந்து விலகி, திரும்பவும் சாக்கை நனைக்கப் போனார்.

மேனேஜர் முதல் முறையாக ஜீப்பை விட்டு இறங்கினார். அக்காவிடம் போய்ச் சாவியைக் கேட்டார் என்று நினைக்கிறேன், நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. திரும்பி வந்து, முதலாளிட்ட நீயே சொல்லிக்கோ என்றார். சட்டையில் தீவனத் தவிடு ஒட்டியிருந்தது.

அன்று பகல் முழுவதும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. ரிக்கோடு கூடவே வருகிற கம்ப்ரஸர் லாரியில், போர் ஓட்டும்போது ஊற்ற என்று ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. அதைக் கழுவி, பக்கத்துத் தோட்டத்தில் கெஞ்சி இரண்டு நடை கொண்டுவந்து ஊற்றினோம். நாலாயிரம் கோழிக்கு அது வாயை நனைக்கத்தான் ஆகும். மத்தியானம் ஒரு மணிக்கு நான் போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்த்தேன். கம்பி தொய்ந்திருந்தது. காற்றில் ஆடவும் செய்தது. எவ்வளவு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தொட்டிருக்குமா என்றால் அதுவும் தெரியாது.

மறுநாள் காலை ஒன்பது இருபதுக்கு லைன்மேன் நேரில் வந்து, கரண்ட் நின்றுபோயிற்று என்று சொன்னார். அக்கா முந்தானையை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தார். ஹேமரை மாட்டினோம். சூடம் காட்டி, அவர் கல்லை எடுத்தார், அவர் எடுத்த பள்ளத்திலேயே இறக்கினேன். இருபத்தெட்டு அடியில் பாறை. முந்நூறு வரை வெள்ளைப் புழுதி. ஐநூறு வரை வெள்ளைப் புழுதி. அக்கா கொட்டகைக்கும் ரிக்குக்கும் நடந்துகொண்டிருந்தார். ஐநூற்று அறுபதில் புழுதி பறக்காமல் கட்டி கட்டியாக வந்தது, அது ஈரம். அறுநூற்றுப் பத்தில் கேப். ராடு சட்டென்று ஒரு முழம் தானாக இறங்கியது, அடுத்த நொடி தண்ணீர் மாஸ்டு உயரத்துக்கு அடித்தது. அறுநூற்று எண்பதில் நிறுத்தினேன். ஒன்றரை இஞ்ச் தண்ணீர். பண்ணைக்குப் போதும். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மாஸ்டைப் படுக்க வைத்தோம்.

பீறிட்ட தண்ணீரைப் பள்ளத்தில் தேக்கி, தெளிந்ததைக் குடத்தில் மொண்டு கொட்டகைத் தொட்டியில் ஊற்றினோம். குழாயில் தண்ணீர் போனதும் கொட்டகையில் அந்தச் சத்தம் மாறியது. அக்கா கொட்டகைக்குள் இருந்து வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். வேலி ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். முந்தின நாளும் ராத்திரியும் செத்த கோழிகளை அங்கே வரிசையாகப் போட்டிருந்தார். எண்பத்தொன்று.

"நேத்தே ஓட்டியிருந்தீங்கன்னா இதுக இருந்திருக்கும்" என்றார்.

ஆமாங்க என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் திட்டவில்லை. காட்ட வேண்டியதைக் காட்டினார். பிறகு, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். சாப்பிட்டோம். என் இலையில் மட்டும் இரண்டு முட்டை வைத்தார். அது நன்றிக்கா, வேறு எதற்காவதா என்று தெரியவில்லை. நான் கேட்கிற ஆளும் இல்லை.

தர்மபுரி வேலை கைவிட்டுப் போயிற்று. முதலாளி என்னைக் கூப்பிட்டு, ரிக்கை அடகு வச்சவன் நீதானா என்று கேட்டார். நாலு மாதம் வண்டியில் ஏற்றவில்லை, பட்டறையில் பிட்டுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தேன். அடகு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அடகண்ணே, டீ சாப்பிடலாமா என்பார்கள். அதெல்லாம் போகட்டும். எனக்கு எரிச்சல் தருவது வேறு. அந்தக் கதை வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், ஒண்ணும் ஆகியிருக்காதுங்க, நாங்க எத்தனை லைனுக்குக் கீழ ஓட்டியிருக்கோம் என்பார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை, ஓட்டியிருக்கிறார்கள். எண்பத்தொரு கோழி செத்ததை நான் காட்ட முடியும். சாகாமல் இருந்ததைக் காட்ட எனக்கு என்ன இருக்கிறது?

அன்று சாயங்காலம் பண்ணையிலிருந்து கிளம்பும்போது பிபின் கம்ப்ரஸர் லாரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். எங்களுக்கு ஓட்டுகிற அடிக்குத்தான் படி. ஒரு நாள் படி போன கடுப்பில் இருந்தான். அவன் பாஷையில் முதலில் கொஞ்சம் திட்டினான், பிறகு எனக்குப் புரிய வேண்டும் என்று தமிழுக்கு வந்தான்.

"ஒரு நாள் வேஸ்ட்டுங்க அண்ணா. நீங்க பயந்துட்டீங்க."

கருகிய ராடைப் பற்றி அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் அதை இனி அவன் கையால் தொட மாட்டான். நான் அதைச் சொல்லவில்லை. ஆமாப்பா, பயந்துட்டேன் என்றேன். அவனுக்கு அது பெரிய சந்தோஷம். ஊர் போய்ச் சேர்வதற்குள் வண்டியில் இருந்த எல்லோரிடமும், அடுத்த வாரம் பட்டறை முழுக்கவும் சொல்லிவிட்டான்.

அவன் அப்புறம் மூன்று வருடம் இருந்து, ஊருக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு, அங்கேயே ஒரு ரிக்கில் ட்ரில்லராகிவிட்டான். இப்போதும் தீபாவளிக்குத் தவறாமல் போன் செய்வான். பக்கத்தில் அவன் பிள்ளைகள் கத்துகிற சத்தத்தில் பாதி என் காதில் விழாது. எப்படி இருக்கீங்க என்று கேட்க மாட்டான். எடுத்ததும், "பயம் போச்சுங்களா அண்ணா?" என்றுதான் கேட்பான். கேட்டுவிட்டு அவனே சிரிப்பான். எனக்குச் சுருக்கென்று எரிச்சல் வரும்.

இன்னும் போகலப்பா என்பேன்.